தயான் சந்த்: ஹாக்கி மந்திரவாதியை முதலில் கண்டுபிடித்தது யார்?

1975 மார்ச் 15. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். உலகக் கிண்ண ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1-1 என்று சமமாக நிற்கின்றன. இரண்டாம் பாதியில் இந்தியாவின் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு, கண் இமைக்கும் நேரத்தில் வெளியே தெறிக்கிறது. அது கோலே இல்லை என்று பாகிஸ்தான் வாதாடுகிறது. கோல்தான் என்று தீர்ப்பு சொல்கிறார் நம் மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன். இந்தியா 2-1. இந்திய ஆண்கள் குழு வென்ற முதல் உலகக் கிண்ணம் அது.

அந்த அசோக் குமாரின் அப்பாதான் தயான் சந்த். ஹாக்கி மந்திரவாதி என்று உலகம் கொண்டாடிய ஆள். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் ஹாக்கி என்று பேச்சு எடுத்தால் இன்னும் அவர் பெயர்தான் முதலில் வரும்.

ஜாசினிலோ, மெர்லிமாவிலோ, பெம்பானிலோ பள்ளித் திடலில் ஸ்டிக் பிடித்துப் பழகியவரா நீங்கள்? அப்படியென்றால் அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதைவிட, அவர் எப்படி உருவானார் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். ஏனென்றால் அவர் பிறவி மேதையாக வானத்திலிருந்து குதிக்கவில்லை. யாரோ ஒருவர் பார்த்தார். யாரோ ஒருவர் நேரம் கொடுத்தார். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சுருக்கமாக, யார் இவர்?

தயான் சந்த் 1905 ஆகஸ்ட் 29-ஆம் தேதி இந்தியாவின் அலகாபாத்தில் பிறந்தார். 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலஸ், 1936 பெர்லின் என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். மூன்றாவது முறை அவரே கேப்டன். 1956-இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது கொடுத்தது. 1979 டிசம்பர் 3-ஆம் தேதி காலமானார். அவர் பிறந்த நாளைத்தான் இந்தியா இன்று தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறது.

இதெல்லாம் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். இனி வருவதுதான் முக்கியம்.

சின்ன வயதிலிருந்தே ஹாக்கிப் பைத்தியமா?

இல்லவே இல்லை. ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் சிறுவன் தயானுக்குப் பிடித்தது மல்யுத்தம்.

அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய். அவரும் ராணுவத்தில் ஹாக்கி ஆடியவர்தான். ஆனால் அடிக்கடி இடமாற்றம் வரும். ஓர் ஊரில் பள்ளியில் சேர்ந்து பழகுவதற்குள் மூட்டை கட்ட வேண்டும். இதனால் தயானின் படிப்பு ஆறு வருடத்தோடு நின்று போனது. கடைசியில் ஜான்சி என்ற ஊரில் குடும்பம் நிலையாக அமர்ந்தது.

தோட்டம் விட்டுத் தோட்டம் மாறிய குடும்பங்களின் கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். இடம் மாறும்போது முதலில் அடிபடுவது பிள்ளைகளின் படிப்புதான்.

ஜான்சியில் நண்பர்களோடு சேர்ந்து மரக்கிளையை ஒடித்து ஸ்டிக் மாதிரி வளைத்து, கந்தல் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி விளையாடியது உண்டு. அவ்வளவுதான். பெரிதாகச் சொல்லும்படி ஹாக்கி ஆடியதாக அவரே நினைவுகூரவில்லை.

யோசிச்சுப் பாருங்க. பதினாறு, பதினேழு வயது வரை முறையான பயிற்சி கிடையாது. இன்றைக்கு இந்த வயதில் ஒருவர் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால், ரொம்ப லேட் தம்பி என்று சொல்லி அனுப்பிவிடுவோம், இல்லையா?

அப்படியென்றால் யார் கண்டுபிடித்தார்கள்?

1922-இல் தயான் ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். டெல்லியில் இருந்த பிராமணர் ரெஜிமென்ட். அங்கேதான் அந்த ஆளைச் சந்திக்கிறார். பெயர் பாலே திவாரி. பதவி சுபேதார் மேஜர்.

ராணுவத்தில் ஒரு புதுச் சிப்பாய்க்கும் சுபேதார் மேஜருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். புதுப் பையன் சல்யூட் அடித்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டிய இடம் அது. ஆனால் திவாரிக்கு ஹாக்கி என்றால் உயிர். இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அவர் கண்ணுக்குப் பட்டது. ஆட்டத்தின் முதல் பாடங்களை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். தயானும் கடைசி வரை அவரையே தன் முதல் குருவாகச் சொன்னார்.

அந்த ரெஜிமென்டில் ஹாக்கிக்கென்று நேரம் ஒதுக்கவில்லை. எப்போது வேலை ஓய்ந்ததோ அப்போது ஆட்டம். பகல் பணி முடிந்தால் இருட்டிவிடும். திடலுக்கு விளக்கு கிடையாது. நிலா வெளிச்சம் வரும்வரை காத்திருந்து தயான் தனியாகப் பயிற்சி செய்வாராம். அவருடைய உண்மைப் பெயர் தயான் சிங். நிலாவைக் குறிக்கும் சந்த் என்ற சொல்லை நண்பர்கள் சேர்த்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்வார்கள்.

நிலாவை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் கையில் ஸ்டிக்கைக் கொடுத்து, இப்படிப் பிடி என்று காட்டிய சுபேதார் மேஜரைத்தான் மறந்துவிடுகிறோம்.

சிப்பாய்க்கு வாய்ப்பு எப்படிக் கிடைத்தது?

அடுத்த நான்கு ஆண்டுகள் தயான் ஆடியது எல்லாம் ராணுவப் போட்டிகள்தான். ஜீலம் நகரில் நடந்த ஒரு போட்டியில் அவருடைய குழு இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. மிச்சம் நான்கே நிமிடம். திடலோரத்தில் நின்ற கமாண்டிங் ஆபீசர் தயானைப் பார்த்து ஏதாவது செய்யச் சொல்லிக் கத்தினார். தயான் செய்தார். மூன்று கோல். ஆட்டம் கையில்.

1926-இல் இந்திய ராணுவக் குழு நியூசிலாந்துக்குக் கிளம்பியது. குழுவில் தயானின் பெயரும் இருந்தது. செய்தியைச் சொன்னதும் கமாண்டிங் ஆபீசர். ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு வெளிநாட்டுக் கப்பல் பயணம் என்பது அன்றைக்குக் கனவிலும் வராத விஷயம். நல்ல உடை வாங்கக்கூடப் பணம் இல்லை, பெரும்பாலும் ராணுவ உடையைக் கொண்டே சமாளித்தார்.

அந்தப் பயணத்தில் 21 ஆட்டம். 18 வெற்றி, 2 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்ததும் தயானுக்கு லான்ஸ் நாயக் பதவி உயர்வு கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திறமையைப் பார்ப்பது ஒருவர், கதவைத் திறப்பது இன்னொருவர். திவாரி முதலாமவர். பயணத்துக்கு அனுப்பிய அதிகாரிகள் இரண்டாமவர். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் தயான் ஜான்சியில் ஓய்வுபெற்ற ஒரு சிப்பாயாகவே முடிந்திருப்பார்.

வழியனுப்ப வந்தது மூன்றே பேர்!

1928 ஒலிம்பிக்கிற்கு இந்தியா முதல்முறையாக ஹாக்கிக் குழுவை அனுப்ப முடிவு செய்தது. கல்கத்தாவில் மாநிலங்களுக்கு இடையிலான தேர்வுப் போட்டி. ராணுவம் அனுமதி கொடுத்ததால் தயான் ஐக்கிய மாகாணத்துக்கு ஆடினார், அந்தக் குழுவே கிண்ணத்தை வென்றது.

ஆள் தேர்வாகிவிட்டது, ஆனால் பணம் இல்லை. இரண்டு ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும் என்ற நிலை. கடைசியில் வங்காள ஹாக்கி ஆதரவாளர்கள் கைகொடுத்ததால்தான் அந்த இரண்டு பேரும் போக முடிந்தது.

1928 மார்ச் 10. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து குழு கிளம்பியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். மாலை இல்லை, மேளதாளம் இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்கள் ஆடியது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. தயான் மட்டும் 14 கோல். இறுதி ஆட்டத்தில் பல பேருக்கு உடம்பு சரியில்லை, தயானுக்கும்தான். அப்படியும் சொந்த மண்ணில் ஆடிய நெதர்லாந்தை 3-0 என்று வீழ்த்தினார்கள். திரும்பி வந்தபோது பம்பாய்த் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம்.

ஜெயித்த பிறகு வருகிற கூட்டம் பெரியதுதான். ஆனால் ஜெயிப்பதற்கு முன்னால் வந்த அந்த மூன்று பேர் இல்லாமல் கப்பலே கிளம்பியிருக்காது.

லீவு கொடுக்காத ராணுவம்

1932-க்கான தேர்வுப் போட்டி வந்தது. தயானுக்கு லீவு கொடுங்கள் என்று ஹாக்கிச் சம்மேளனம் கேட்டது. அவருடைய ராணுவப் பிரிவு முடியாது என்றுவிட்டது. மற்ற எல்லாரும் தேர்வுப் போட்டியில் ஆடித் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. தயானை மட்டும் சம்மேளனம் நேரடியாகக் குழுவில் சேர்த்தது. 1936-இலும் இதே கதைதான் நடந்தது.

லாஸ் ஏஞ்சலஸுக்கு அண்ணனோடு தம்பியும் போனார். ரூப் சிங். அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியா 24-1 என்று வென்றது. தம்பி 10 கோல், அண்ணன் 8 கோல்!

ரூப் சிங் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2010-இல் சச்சின் டெண்டுல்கர் ஒருநாள் ஆட்டத்தில் 200 ஓட்டம் எடுத்தாரே, அந்த குவாலியர் அரங்கத்துக்கு வைத்த பெயர் இவருடையதுதான்.

பெர்லினில் நடந்தது என்ன?

1936-இல் தயான் கேப்டன். பெர்லின் போய் இறங்கிய சில நாட்களில், ஜூலை 17-ஆம் தேதி, ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். 4-1 என்று இந்தியா தோற்றது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற குழுவுக்கு விழுந்த அடி அது.

கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? குழுவில் ஓட்டை இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. இந்தியாவிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை உடனே அனுப்பச் சொல்லித் தகவல் போனது. விமானத்தில் வந்து சேர்ந்த தாரா அரையிறுதியில் களமிறங்கினார். பிரான்ஸுக்கு எதிரான அந்த ஆட்டம் 10-0.

இறுதி ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் எல்லார் முகத்திலும் பதற்றம். அப்போது குழு நிர்வாகிகளில் ஒருவரான பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து வந்தார். குழு அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுத் திடலுக்குப் போனது. அன்றைக்கு இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது, சுதந்திரத்துக்கு இன்னும் சரியாக 11 வருடம் பாக்கி!

முதல் பாதியில் ஒரே கோல், அதையும் தம்பி ரூப் சிங்தான் அடித்தார். ஈரத் திடல் வழுக்கியது. இரண்டாம் பாதியில் தயான் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு, ரப்பர் அடி ஷூவோடு இறங்கினார். முடிவு 8-1.

ஹிட்லர் கதை உண்மையா?

வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். ஹிட்லர் தயானைக் கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருவதாகச் சொன்னாராம், தயான் மறுத்துவிட்டாராம். இன்னொரு கதையில், அவர் ஸ்டிக்குக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்களாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டுமே உறுதியான ஆதாரம் இல்லாமல் வாய்வழியாக வளர்ந்த கதைகள். தயான் சந்த் தன் வாழ்க்கையை எழுதிய நூல் 1952-இல் நம் மெட்ராஸிலிருந்துதான் வெளிவந்தது, ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் வெளியீடு. அதில் அவர் விரிவாகச் சொல்வது சக ஆட்டக்காரர்களையும், பயணங்களையும், பாலே திவாரியையும் பற்றித்தான்.

ஒரு மனிதரின் பெருமைக்குச் சர்வாதிகாரியின் பாராட்டு எதற்கு? 8-1 போதுமே.

சீனியர் ஆன பிறகு என்ன செய்தார்?

உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் ரத்தாயின. ஒரு ஆட்டக்காரரின் நல்ல ஆண்டுகள் அப்படியே கரைந்து போயின.

1947-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்களின் விளையாட்டு அமைப்பு ஒன்று இந்தியக் குழுவை அழைத்தது. ஒரு நிபந்தனை: தயான் சந்த் வர வேண்டும். அப்போது அவருக்கு வயது 42. போனார். சுற்றிலும் இளம் ஆட்டக்காரர்கள், நடுவில் இவர். அந்த வயதிலும் 60-க்கும் மேற்பட்ட கோல்கள்.

அவரோடு அந்தப் பயணத்தில் ஆடிய இளைஞர்களில் ஒருவர் கே.டி. சிங் பாபு. இருபது வயசுக்காரர்கள் ஒரு சகாப்தத்தின் பக்கத்தில் நின்று ஆடுவது என்றால் சும்மாவா? எங்கே நிற்க வேண்டும், எப்போது பந்தைக் கைவிட வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. அதைப் பக்கத்தில் ஓடிக்கொண்டே பார்த்துத்தான் கற்க வேண்டும்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாபு துணைக் கேப்டன். சுதந்திர இந்தியா பிரிட்டனையே 4-0 என்று வென்று தங்கம் எடுத்தது. 1952 ஹெல்சின்கியில் பாபு கேப்டன், மறுபடியும் தங்கம். 1972 மியூனிக்கில் அதே பாபு இந்தியக் குழுவின் கோச். அந்தக் குழுவில் ஆடிய ஓர் இளைஞர் யார் தெரியுமா? தயான் சந்தின் மகன் அசோக் குமார்!

பாலே திவாரி தயானுக்குக் கொடுத்தார். தயானோடு ஆடி வளர்ந்த பாபு, தயானின் மகனுக்குக் கொடுத்தார். இந்தச் சங்கிலி 1975-இல் கோலாலம்பூர் வரை நீண்டது.

அந்த உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா மோதியது யாரோடு? நம் மலேசியாவோடுதான். ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன் போன்றவர்கள் ஆடிய, ஹோ கோ சாய் பயிற்சி கொடுத்த குழு அது. ஆட்டம் முடியச் சில நிமிடமே இருக்கையில் மலேசியா 2-1 என்று முன்னிலை. அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஸ்லாம் ஷேர் கான் என்ற இளைஞரை இந்தியா இறக்கியது. பெனால்டி கார்னரில் அவர் கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்றது. அந்த இந்தியக் குழுவின் மேலாளர், மூன்று ஒலிம்பிக் தங்கம் கண்ட மூத்த ஆட்டக்காரர் பல்பீர் சிங். மறுபடியும் அதே கதைதான், ஒரு சீனியர் ஓர் ஜூனியரை நம்பியது. என்ன, இந்த முறை அதற்கு விலை கொடுத்தது நாம்! மலேசியா நான்காம் இடம் பிடித்தது. இன்றும் அந்தக் குழுவைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால் குரல் மாறிவிடும்.

கடைசி நாட்கள்

தயான் சந்த் 1956-இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் பயிற்சி முகாம்கள் நடத்தினார். பிறகு பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்றுநராகச் சில ஆண்டுகள் இருந்தார். அதன்பின் ஜான்சிக்கே திரும்பிவிட்டார்.

இனி வரும் பகுதி கொஞ்சம் கஷ்டமானது. அவருடைய கடைசி ஆண்டுகளில் கையில் பணம் பெரிதாக இல்லை. ஒரு போட்டியைப் பார்க்கப் போனபோது, இவர் யாரென்றே தெரியாமல் திருப்பி அனுப்பியதாகக்கூடச் சொல்கிறார்கள். ஹாக்கி சோறு போடாது என்று எண்ணி, சொந்தப் பிள்ளைகளையே இந்த ஆட்டத்தில் இறங்க வேண்டாம் என்று தடுத்தார். மகன் கேட்கவில்லை. அப்பா தடுத்த ஆட்டத்தில்தான் நாட்டுக்கு உலகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்.

1979-இல் கல்லீரல் புற்றுநோய். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில்தான் மூன்று தங்கம் வென்ற அந்த மனிதர் படுத்திருந்தார். டிசம்பர் 3 அன்று அங்கேயே உயிர் பிரிந்தது. ஜான்சியில், அவர் ஆடிய திடலிலேயே தகனம் நடந்தது. பஞ்சாப் ரெஜிமென்ட் ராணுவ மரியாதை செலுத்தியது.

அரங்கம், விருது எல்லாம் அப்புறம் வந்தன. டெல்லியின் தேசிய அரங்கத்துக்கு 2002-இல் அவர் பெயர் வைத்தார்கள். நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கு 2021-இல் அவர் பெயர் சூட்டினார்கள். நல்லதுதான். ஆனால் பொது வார்டில் கிடந்தவருக்கு அதில் எதுவும் போய்ச் சேரவில்லை.

சரி, இதில் நமக்கு என்ன இருக்கிறது?

நீங்கள் இப்போது படிவம் நான்கோ ஐந்தோ படித்துக்கொண்டிருக்கலாம். மாவட்டப் போட்டிக்கு ஆடியிருப்பீர்கள், எஸ்.பி.எம். வருகிறது, ஸ்டிக்கை மூலையில் வைத்துவிடு என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தயான் சந்தே தன் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொன்னார்? ஆட்டத்தைக் கொண்டாடுகிற நாடு, ஆட்டக்காரரின் முதுமையையும் பார்த்துக்கொண்டால்தான் அப்பா அம்மாவின் அந்தப் பயம் போகும். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பதினேழு வயதுவரை முறையாக ஸ்டிக் பிடிக்காத ஒரு பையனைப் பார்த்து, லேட் ஆகிவிட்டது என்று பாலே திவாரி சொல்லவில்லை. பெரிய அகாடமி, செயற்கைப் புல் திடல், விளக்குக் கம்பம் எதுவும் அவரிடம் இல்லை. வேலை முடிந்த பிறகு மிஞ்சிய கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதைக் கொடுத்தார்.

உங்களில் பலர் தயான் சந்த் ஆக மாட்டீர்கள். யாருமே ஆக முடியாது. ஆனால் பாலே திவாரி ஆக முடியும். உங்கள் ஜூனியர்களில் யாரோ ஒருவர் இந்தச் சனிக்கிழமையும் திடலோரத்தில் பந்து பொறுக்கிக்கொண்டு நிற்பார். ஸ்டிக் வாங்கக் காசு இல்லாமல் இருக்கலாம், கேட்கக் கூச்சமாகவும் இருக்கலாம். உங்கள் பழைய ஸ்டிக் வீட்டு மூலையில் சும்மாதானே இருக்கிறது? எடுத்துக்கொண்டு போங்கள்.